வாய்தாவுக்கு இடமுள்ள டைரி

டிசம்பர் பிறந்தால் பாண்டி பஜாரிலும் லஸ் முனையிலும் அடையாறிலும் உள்ள ஸ்டேஷனரி கடைகளுக்கு ஒரு தனிக் கூட்டம் வருகிறது. சாதாரண டைரியைக் கையில் எடுத்துப் புரட்டிவிட்டு வைத்துவிடுவார்கள். நாளுக்கு ஒரு பக்கமா, வாரத்துக்கு இரண்டு பக்கமா, மணிவாரியாகக் கோடு போட்டிருக்கிறதா, தேதி அச்சிடாதது கிடைக்குமா, செய்ய வேண்டிய வேலைகளுக்குத் தனிப் பத்தி உண்டா என்று ஒவ்வொன்றாக விசாரிப்பார்கள். போன வருடம் வாங்கிய பிளானர் சரிப்படவில்லை. இந்த வருடமாவது சரியானது அகப்பட வேண்டும் என்பது அவர்கள் கவலை.

இதை நோட்டுப் புத்தக மோகம் என்று ஒதுக்குபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. கடையில் நிற்பவர்களைப் பார்த்தாலே தெரியும். இரண்டு குழந்தைகளின் பள்ளி, மாமியாரின் மாத்திரை, அலுவலகத்தின் காலாண்டு அறிக்கை மூன்றையும் ஒரே தலையில் சுமக்கும் பெண் அங்கே நிற்கிறார். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் இளைஞர் நிற்கிறார். ஓய்வு பெற்றபின் தம் நாளுக்கு ஓர் ஒழுங்கு வேண்டும் என்று நினைக்கும் பெரியவரும் நிற்கிறார். மூவரின் தேவையும் நிஜமானது. அவர்களுக்குக் கிடைக்கும் பதில்தான் போதவில்லை. கடை அவர்களுக்குக் கட்டமைப்பை விற்கிறது: கோடு, கட்டம், பத்தி, வண்ண ஒட்டுத்தாள். பிளானர் ஒருவருக்குப் பயன்படுவதும் படாததும் பெரும்பாலும் கோட்டையும் கட்டத்தையும் பொறுத்ததில்லை என்பது என் கருத்து. எழுதிய வேலை முடியாமல் போனால் அது அடுத்து எங்கே போகிறது, எழுதியதை இன்னொருவர் பார்க்க முடிகிறதா என்ற இரண்டு கேள்விகளில்தான் அது நிற்கிறது அல்லது விழுகிறது.

முதலில் காகிதத்துக்குச் சேர வேண்டிய பெருமையைச் சொல்லிவிட வேண்டும். 2021இல் டோக்கியோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 48 இளைஞர்களை மூன்று குழுவாகப் பிரித்து ஒரு சோதனை செய்தார்கள். கற்பனையான ஓர் உரையாடலைப் படித்து, அதில் வரும் வகுப்பு நேரங்கள், கெடு தேதிகள், சந்திப்புகளை அட்டவணையில் குறிக்க வேண்டும். ஒரு குழுவுக்குக் காகித டைரி, இன்னொன்றுக்கு எழுதுகோலோடு டேப்லெட், மூன்றாவதற்குக் கைபேசி. காகிதக் குழு சுமார் 11 நிமிடத்தில் முடித்தது. டேப்லெட் குழுவுக்கு 14 நிமிடமும் கைபேசிக் குழுவுக்கு 16 நிமிடமும் ஆயின. ஒரு மணி நேரம் கழித்துக் கேள்வி கேட்டபோது, எளிய கேள்விகளுக்குக் காகிதத்தில் எழுதியவர்களே கூடுதலாகச் சரியான விடை சொன்னார்கள். நினைவோடு தொடர்புடைய மூளைப் பகுதிகளும் அவர்களுக்கு அதிகமாக இயங்கின. பக்கத்தில் எந்த மூலையில் எழுதினோம், எதை அடித்துத் திருத்தினோம் என்பதெல்லாம் நினைவுக்குப் பிடிமானமாகின்றன என்பது அவர்கள் தரும் விளக்கம்.

இந்த முடிவை நான் மதிக்கிறேன். ஆனாலும் அது நிறுவுவது எழுதிய ஒரு மணி நேரத்துக்குப் பின் நினைவிருக்கிறதா என்பதை மட்டுமே. நமக்குச் சிக்கல் எழுதிய ஒரு மணி நேரத்தில் வருவதில்லை. மூன்று வாரம் கழித்து வருகிறது.

அதைவிட என்னைக் கவர்ந்தது 2011இல் மசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரு உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வு. முடிக்காத வேலை மனத்தில் கிடந்து, வேறெதையும் ஊன்றிப் படிக்க விடாமல் தொல்லை செய்கிறது. எப்போது, எப்படிச் செய்வது என்று திட்டமாக எழுதிவிட்டால், வேலை முடியாமலே அந்தத் தொல்லை அடங்கிவிடுகிறது என்று கண்டார்கள். பிளானர் தரும் நிம்மதிக்கு இதுதான் அடிப்படை. அதன் ஆபத்தும் இங்கேயே இருக்கிறது. எழுதியதுமே மனம் இளைப்பாறிவிடுகிறது. வேலையோ அப்படியே கிடக்கிறது. எழுதிய பக்கத்துக்கு மறுபடி திரும்பி வர ஒரு கட்டாயம் இல்லையென்றால் பிளானர் மறதிக்குத் துணை போகும். அந்தக் கட்டாயத்தை யார் தருவது?

இதற்கு விடை மயிலாப்பூரிலேயே நூறாண்டுக்கு மேலாகப் புழங்கிக்கொண்டிருக்கிறது. எஸ். சுப்பிரமணிய ஐயர், வி. பாஷ்யம் ஐயங்கார், 1907இல் இந்தியன் வங்கியைத் தோற்றுவிப்பதில் முன்னின்ற வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியல் சட்ட வரைவுக் குழுவில் இருந்த அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர் என்று வக்கீல்களால் பெயர் பெற்ற பகுதி அது. இன்றும் அங்கே பல வீடுகளின் முன்னறை வக்கீல் ஆபீஸ்தான். அந்த மேசைகளில் இருக்கும் வக்கீல் டைரியைப் பற்றி, பிளானர் தேடுபவர்கள் யாரும் பேசிக் கேட்டதில்லை. தடித்த அட்டை, நாளுக்கு ஒரு பக்கம், அழகென்று சொல்ல ஒன்றுமில்லாத அச்சு. பக்கத்தில் சில பத்திகள்: முந்தைய தேதி, கோர்ட், வழக்கு எண், கட்சிக்காரர் பெயர், எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த தேதி.

கடைசிப் பத்திதான் உயிர். காலையில் குமாஸ்தா அன்றைய பக்கத்தைப் பார்த்துக் கட்டுகளை எடுத்து வைக்கிறார். ஒவ்வொரு வழக்கும் அழைக்கப்பட்டதும் அன்று என்ன நடந்தது என்பது ஓரிரு சொல்லில் பதிவாகிறது. நீதிபதி போட்ட வாய்தா தேதி கடைசிப் பத்தியில் ஏறுகிறது. மாலையில் அதே வழக்கு அந்த வாய்தா தேதியின் பக்கத்தில், முந்தைய தேதி என்ற இடத்தில் இன்றைய தேதியோடு, மறுபடி எழுதப்படுகிறது. ஒரு பக்கத்தில் அடுத்த தேதி இல்லாமல் எந்த வழக்கும் நிற்கக் கூடாது. தீர்ப்பாகியிருக்க வேண்டும், அல்லது இன்னொரு பக்கத்துக்குப் போயிருக்க வேண்டும். பத்தி காலியாக இருந்தால் சீனியர் கண்ணில் அன்றே படும்.

முன்னும் பின்னும் கோத்த இந்தச் சங்கிலியில் நான் காணும் முதல் சிறப்பு, வேலை முடியாததை அது குற்றமாகக் கருதுவதில்லை என்பது. வழக்கு ஒரே நாளில் முடியாது என்பது அந்த டைரிக்கு அச்சிடும்போதே தெரியும். நம் பிளானர்களுக்கு அது தெரிவதில்லை. அவற்றில் ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு சதுரக் கட்டம். டிக் அடித்தால் வெற்றி, அடிக்காவிட்டால் தோல்வி. இரண்டு வாரம் டிக் விழாத பக்கங்களைப் பார்க்கக் கூசித்தான் பலர் புத்தகத்தையே மூடிவிடுகிறார்கள். வாய்தா போட ஓர் இடம் இருந்திருந்தால் மூட வேண்டிய அவசியம் வந்திருக்காது.

இன்னொரு சிறப்பு, அது இருவர் கையில் இருக்கும் ஏடு என்பது. சீனியர் மறந்தாலும் குமாஸ்தா மறக்க மாட்டார். குமாஸ்தா வராத நாளில் ஜூனியர் அதே பக்கத்தைப் பார்த்து வேலையை நடத்திவிடலாம். எழுத்து எல்லோருக்கும் புரிய வேண்டும் என்பதால் ஒரே மாதிரிச் சுருக்கம், ஒரே மாதிரி வரிசை. தவறினால் விளைவு கடுமையானது. கீழ்க்கோர்ட்டுத் தீர்ப்பின் மேல் உயர் நீதிமன்றத்தில் முதல் மேல்முறையீடு செய்ய 1963ஆம் ஆண்டுக் காலவரையறைச் சட்டம் தருவது 90 நாள். மாவட்ட நீதிமன்றத்திலென்றால் 30 நாள். அதைக் கோட்டைவிட்டால், தாமதத்தை மன்னிக்கக் கோரி மனுப் போட்டு, காரணம் சொல்லி நிற்க வேண்டும். கட்சிக்காரரின் சொத்தே அந்த ஒரு வரியில் தொங்கும்.

இ-கோர்ட்ஸ் செயலி வந்துவிட்டது. வழக்கின் 16 இலக்க எண்ணைத் தட்டினால் அடுத்த தேதி கைபேசியிலேயே தெரிகிறது. அதற்குப் பிறகும் வக்கீல் டைரி விற்கிறது. செயலி தேதியைச் சொல்லும். அந்தத் தேதிக்குள் யாரிடம் எந்த ஆவணத்தை வாங்க வேண்டும், எதிர்த்தரப்பு என்ன சொன்னது என்பது டைரியில்தான் இருக்கிறது. பழைய டைரிகளையும் யாரும் தூக்கி எறிவதில்லை. அடுக்கி வைத்திருக்கிறார்கள், தேவைப்படும்போது எடுக்கிறார்கள். டைரி என்றால் நடந்ததை எழுதுவது என்ற பழக்கம் தமிழருக்குப் புதிதல்ல. புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பு நம்மிடம் இருக்கிறது. வரப்போவதைக் குறிக்கும் ஏடும் நடந்ததைக் குறிக்கும் ஏடும் ஒரே பக்கத்தில் சேர்வது வக்கீல் டைரியின் நுட்பம். பிளானர் விற்பவர்கள் இந்தப் பயனைப் பற்றிச் சொல்வதே இல்லை. டாக்டர் மருந்தை எப்போது மாற்றினார், ஏசிக்கு எப்போது கேஸ் நிரப்பினோம் என்று ஒரு வருடம் கழித்துத் தேடும்போதுதான் அதன் அருமை தெரியும்.

குறை இல்லாமல் இல்லை. பிறர் விதித்த தேதிகள்தான் வக்கீல் டைரிக்குள் வரும். யாரும் வாய்தா போடாத வேலைக்கு அதில் இடமில்லை. எழுத நினைத்த புத்தகம், பாதியில் விட்ட பாட்டு வகுப்பு, ஊரில் தனியாக இருக்கும் அத்தையைப் போய்ப் பார்ப்பது போன்றவற்றுக்குக் கோர்ட் இல்லை, எதிர்க்கட்சி இல்லை. வாழ்க்கையில் மிக முக்கியமான பலவும் இந்த வகைதான்.

அந்த இடைவெளியை நிரப்ப வந்தது என்று புல்லட் ஜர்னலைச் சொல்லலாம். நியூயார்க்கில் புரூக்ளினில் வசித்த வடிவமைப்பாளர் ரைடர் கேரல், சிறுவயதிலிருந்தே கவனக் குறைபாட்டோடு போராடியவர், தமக்காக உருவாக்கிக்கொண்ட முறையை 2013இல் வெளியிட்டார். 2018இல் அது புத்தகமாகவும் வந்தது. தேதி அச்சிடாத எந்த நோட்டும் போதும். முன்னால் ஒரு பொருளடக்கம், பிறகு வரும் மாதங்களுக்குச் சில பக்கம், பிறகு மாதம், பிறகு நாள். வேலைக்கு ஒரு புள்ளி, குறிப்புக்கு ஒரு கோடு, நிகழ்ச்சிக்கு ஒரு வட்டம். மாதக் கடைசியில் முடியாத வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, இன்னும் வேண்டுமென்றால் அடுத்த மாதத்துக்குக் கையால் எழுதி நகர்த்த வேண்டும். மறுபடி எழுதும் சிரமத்துக்குத் தகுதியில்லாதது அங்கேயே அடிபட்டுப் போகும்.

அந்தச் சிரமத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். கைபேசிச் செயலியில் முடியாத வேலை தானாகவே நாளைக்குத் தள்ளிப் போகும். அது வேண்டுமா என்று ஒருவரும் கேட்பதில்லை. கையால் எழுதும்போது மனம் ஒரு கணம் நின்று முடிவு செய்கிறது. வக்கீல் டைரியின் தத்துவமும் இதுவே. ஆனால் கேரலின் முறையில் குமாஸ்தா இல்லை. நகர்த்தும் நாளைத் தவறவிட்டால் கேட்க ஆளில்லை. தானே எழுதி, தானே பார்த்து, தானே தன்னைக் கேட்டுக்கொள்ளும் ஒழுக்கம் உள்ளவருக்கு அது அருமையான கருவி. அந்த ஒழுக்கம் இயல்பிலேயே இருப்பவர் நான்கு கோடு போட்ட பள்ளி நோட்டிலும் நன்றாகத்தான் இருப்பார். இணையத்தில் பரவியபின் அந்த எளிய முறைமீது ஓவியமும் வண்ணமும் ஏறி, வாரத் தொடக்கத்தில் பக்கம் தயாரிப்பதே ஒரு வேலையாகிவிட்டது. கேரல் கேட்டதெல்லாம் ஒரு பேனாவும் நோட்டும்தான் என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

இனி வீட்டுக்குள் வருவோம். சென்னையின் நடுத்தர வீடுகளில் உண்மையாகவே இயங்கும் பிளானர், சமையலறைச் சுவரிலோ ஃபிரிட்ஜ் பக்கத்திலோ தொங்கும் மாதக் காலண்டர். பால் பாக்கெட் குறைந்த நாள், வேலைக்கார அம்மா வராத நாள், சிலிண்டர் மாற்றிய தேதி, பள்ளியில் பெற்றோர் கூட்டம், யார் வீட்டு நிச்சயதார்த்தம் என எல்லாம் அந்தச் சின்னக் கட்டங்களில் பென்சிலாலும் பேனாவாலும் ஏறியிருக்கும். அமாவாசை, கிருத்திகை, ராகு காலம், சுபமுகூர்த்த நாள் ஏற்கெனவே அச்சாகியிருக்கும். வீட்டில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம், யார் வேண்டுமானாலும் எழுதலாம். பெரியவர் தண்ணீர் குடிக்க வரும்போது அவர் கண்ணில் படும். பையன் பள்ளிக்குக் கிளம்பும்போது அவன் கண்ணிலும் படும். திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை என்பதில் எந்தத் தோல் அட்டைப் பிளானரும் இதனோடு போட்டி போட முடியாது.

அதன் குறைகளும் எல்லோரும் அறிந்தவை. இடம் போதாது. மாதம் முடிந்தால் தாளோடு நினைவும் கிழிந்து போகும். தினசரி காலண்டரில் அது இன்னும் மோசம். எழுதிய தாளை மறுநாள் காலை கிழித்துவிடுவோம். முடியாத வேலை அடுத்த தாளுக்குப் போக வழியில்லை. தனிப்பட்டது எதையும் அதில் எழுத முடியாது. மருத்துவமனை ஸ்கேன் தேதியைச் சுவரில் எழுத விரும்பாதவர்கள் உண்டு.

இந்தக் குறைகளால்தான் குடும்பத்தை நடத்தும் பெண்கள் கடைக்குப் போய்த் தனிப் பிளானர் வாங்குகிறார்கள். அதனால் நேரும் ஒன்றை நாம் போதுமான அளவு கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். சுவரில் இருந்த வரை வீட்டுக் காரியங்கள் வீட்டுக்குச் சொந்தம். அவை அவருடைய கைப்பைக்குள் போனதும், எல்லாவற்றுக்கும் அவரே பொறுப்பாகிவிடுகிறார். தடுப்பூசி எப்போது என்று கணவர் அவரைக் கேட்கிறார். கட்டணம் கட்டக் கடைசித் தேதி என்ன என்று பிள்ளை கேட்கிறான். அவர் எவ்வளவு திறமையாக ஏட்டைப் பராமரிக்கிறாரோ, அவ்வளவுக்கு மற்றவர்கள் நினைவு வைக்க வேண்டிய அவசியம் குறைகிறது. சுமையைக் குறைக்க வாங்கிய புத்தகம் அதை ஓர் ஆளின்மீது நிரந்தரமாக இறக்கிவைக்கிறது. பிளானரின் குறைகளில் எனக்கு மிகக் கடுமையாகப் படுவது இது. தாளின் தரமும் கட்டத்தின் அளவும் இதற்குப் பின்னால்தான். வக்கீல் ஆபீஸில் டைரி இருவரை இணைத்தது. வீட்டில் தனிப் பிளானர் ஒருவரைத் தனிமைப்படுத்துகிறது.

நேரத்தின் கணக்கிலும் பொருத்தமில்லை. நாம் வாங்கும் வடிவங்கள் பெரும்பாலும் வேறு ஊர் அலுவலகங்களுக்காகப் பிறந்தவை. வளையத்தில் தாள் கோக்கும் ஃபைலோஃபாக்ஸ் லண்டனில் 1921இல் தொடங்கிய நிறுவனத்துடையது. நாளுக்கு ஒரு பக்கம் தரும் ஹோபோனிச்சி டெச்சோ 2001இல் ஜப்பானில் எழுத்தாளர் ஷிகேசாதோ இதோய் தொடங்கியது. அவை நல்ல பொருள்கள். ஆனால் ஜனவரியில் தொடங்கி டிசம்பரில் முடியும் புத்தகம் மார்கழியை நட்டநடுவில் வெட்டிவிடுகிறது. கச்சேரி சீசனுக்காக மியூசிக் அகாடமி, நாரத கான சபா, வாணி மகால், கிருஷ்ண கான சபா என்று நிகழ்ச்சி நிரல்களை ஒப்பிட்டு, எந்தப் பிற்பகல் எந்த அரங்கு என்று குறித்துவைக்கும் ரசிகருக்கு மணிவாரிக் கோடு போட்ட பக்கத்தைப் போல உதவும் கருவி வேறில்லை. அகாடமியின் சதஸ் ஜனவரி 1 அன்று. அதைக் குறிக்க அவர் வேறு புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

மற்ற கெடுக்களும் அப்படித்தான். பள்ளி ஆண்டு ஜூனில், கணக்கு ஆண்டு ஏப்ரலில். மின் கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை, சொத்து வரியும் குடிநீர் வரியும் அரையாண்டுக்கு ஒரு முறை. பிளானரில் மாதாமாதம் 'கட்ட வேண்டிய பில்கள்' என்று ஒரே அளவுக் கட்டம் இருந்தால் அதில் பாதி மாதம் காலி, மீதி மாதம் நெரிசல்.

ஊரின் சாலைகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பங்குனியில் கபாலீசுவரர் கோயில் தேரும் அறுபத்துமூவரும் நடக்கும் நாள்களில் மாட வீதிகளைச் சுற்றி வண்டி நகராது. ஆடித் தள்ளுபடியிலும் தீபாவளிக்கு முந்தைய வாரங்களிலும் ரங்கநாதன் தெருப் பக்கம் அரை மணி வேலை அரை நாளை விழுங்கும். முகூர்த்த நாளில் கல்யாண மண்டபங்கள் உள்ள தெருக்கள் எல்லாம் அடைத்துக்கொள்ளும். மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்காக லஸ், பனகல் பார்க், அடையாறு பகுதிகளில் சில ஆண்டுகளாகச் சாலைகள் திசை மாற்றப்பட்டிருக்கின்றன. பிளானரின் பக்கமோ எல்லா மணியையும் சம அளவுக் கட்டமாகக் காட்டி, எல்லாம் உன் கையில்தான் என்கிறது. மனிதர்கள் தங்கள் வேலைக்கு ஆகும் நேரத்தைப் பெரும்பாலும் குறைத்தே மதிப்பிடுகிறார்கள் என்பதை 1994இல் கனடாவில் நடந்த ஓர் ஆய்வு எடுத்துக்காட்டியது. ஆய்வேடு முடிக்க எத்தனை நாள் ஆகும் என்று மாணவர்களைக் கேட்டபோது சராசரியாக 34 நாள் என்றார்கள், ஆனதோ 55. சமகட்டங்கள் இந்த இயல்பான மயக்கத்தை வளர்க்கின்றன. மாதக் காலண்டரில் முகூர்த்த நாளென்று அச்சிட்ட ஒரு குறி, அன்று தி.நகர் பக்கம் வேலை வைத்துக்கொள்ளாதே என்ற நடைமுறை எச்சரிக்கையும்கூட. சோதிடத்தில் நம்பிக்கை இல்லாதவருக்கும் அது பயன்படும்.

பொருளாகப் பார்த்தால் காகிதத்தின் பலவீனங்கள் சில, ஆனால் மறுக்க முடியாதவை. சென்னையின் ஈரக்காற்றில் மெல்லிய தாள் நீரை இழுத்து, மைப்பேனா எழுத்தைப் பரப்பிவிடும். காகிதம் மணியடிக்காது, காலை ஆறு மணி மாத்திரையை அதை நம்பி விடக் கூடாது, கைபேசி அலாரம்தான் அதற்குத் தகுந்தது. தேடும் வசதி இல்லை. பிரதியும் இல்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் மின்சாரமும் கைபேசித் தொடர்பும் போனபோது, தொலைபேசி எண்களைக் கையால் எழுதி வைத்திருந்தது பெரிய உதவி. அதே வெள்ளம் அடையாற்றங்கரையில் கோட்டூர்புரம் போன்ற இடங்களில் தரைத்தள வீடுகளுக்குள் புகுந்து ஏடுகளைக் கூழாக்கியது. ஃபைலோஃபாக்ஸின் வரலாற்றில் இதற்கு நேரெதிரான ஒரு நிகழ்ச்சி உண்டு. இரண்டாம் உலகப் போரில் லண்டன் அலுவலகம் குண்டுவீச்சில் அழிந்தபோது, அங்கே வேலை பார்த்த கிரேஸ் ஸ்கர் தம்முடைய சொந்த ஏட்டில் வாடிக்கையாளர், சப்ளையர் விவரங்களையெல்லாம் எழுதி வைத்திருந்தார். அதைக் கொண்டுதான் நிறுவனம் மறுபடி எழுந்தது. அது தப்பியதற்குக் காரணம் அலுவலகத்தில் இருந்ததற்கு இரண்டாவது பிரதியாக அது இருந்ததே. முக்கியமான பக்கங்களை மாதம் ஒரு முறை கைபேசியில் படம் எடுத்து வைப்பது இன்று ஒரு நிமிட வேலை.

விலையையும் பேச வேண்டும். ஒரு காலத்தில் டைரி பெரும்பாலும் இலவசமாக வந்தது. வங்கி கொடுத்தது, பொதுத்துறை நிறுவனம் கொடுத்தது. 2020 செப்டம்பரில் அரசுத் துறைகளும் பொதுத்துறை நிறுவனங்களும் வங்கிகளும் காலண்டர், டைரி அச்சிட வேண்டாம் என்று மத்திய நிதி அமைச்சகம் உத்தரவிட்டது. சிக்கனம் என்ற அளவில் அது புரிகிறது. சிவகாசி அச்சகங்களுக்கு அது அடி. பென்ஷன் வாங்கும் வீடுகளுக்கும் இழப்பு. அந்த இடத்தில் இப்போது கிடைப்பவற்றில் பல, நல்ல தாள், கெட்டி அட்டை, உள்ளே ஊக்க வாசகங்கள் என்று ஒரு நடுத்தரக் குடும்பம் யோசித்து வாங்க வேண்டிய விலையில் இருக்கின்றன. இறக்குமதியானது அதற்கும் மேலே. நாள்களைக் கையாளும் ஏடு ஆடம்பரப் பொருளாவது எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேலைக்கும் போய் வீட்டு வேலைகளுக்கும் ஓடும் பெண்ணுக்குத்தான் அது மற்றவர்களைவிட அவசியம்.

ஆகவே கடையில் நிற்பவர் என்னிடம் கேட்டால், ஒரே புத்தகத்தில் எல்லாம் அடங்க வேண்டும் என்ற ஆசையை முதலில் விடச் சொல்வேன். வீட்டுக் காரியம் முழுவதும் சுவருக்குப் போகட்டும். அதில் எழுதும் பொறுப்பு வீட்டில் பேனா பிடிக்கத் தெரிந்த எல்லோருக்கும். யார் வேலை என்று பெயரின் முதலெழுத்தைப் போட்டால் தகராறு குறையும். மணியடிக்க வேண்டியது கைபேசிக்கு. மீதியுள்ள சொந்த வேலைக்கு ஒரு மெல்லிய நோட்டு. அதில் ஒவ்வொரு வரிக்கும் கடைசியில் அடுத்த தேதிக்கு இடம். யாரும் கெடு விதிக்காத வேலைகளுக்கு ஒரு நண்பரையோ உடன்பிறப்பையோ குமாஸ்தாவாக வைத்துக்கொள்ளலாம். வாரம் ஒரு முறை பேசும்போது அந்தப் பத்தியை அவருக்குப் படித்துக் காட்டினால் போதும். நாள் முழுவதும் பிறர் அழைப்புக்கேற்ப ஓட வேண்டிய டெலிவரி ஊழியருக்கோ பணிமருத்துவருக்கோ இதில் எதுவும் பெரிதாக உதவாது. அவர்களுடைய நேரம் அவர்கள் கையில் இல்லை. எந்த ஏடும் அதை மாற்றாது.

சிவகாசியில் அடுத்த ஆண்டுக் காலண்டர்களின் ஆல்பம் ஆடிப்பெருக்கை ஒட்டி வெளியாகிறது. அந்த அச்சகத்தார் மனம் வைத்தால் இதை மிகச் சுலபமாகச் செய்யலாம். ஜூனில் தொடங்கி மே மாதம் முடியும் ஒரு மெல்லிய நோட்டு. வக்கீல் டைரியைப் போல முந்தைய தேதி, அடுத்த தேதி என இரண்டு பத்திகள். அதோடு சேர்த்து விற்கும் பெரிய கட்டங்கள் கொண்ட ஒரு சுவர்த் தாள், ஒவ்வொரு கட்டத்திலும் யார் என்று எழுத ஓர் ஓரம். முகூர்த்த நாள், தேர்த் திருவிழா, மின் கட்டண மாதம், வரி அரையாண்டு ஆகியவை அச்சிலேயே. தாளுக்கு வெளிநாடு போக வேண்டாம். கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்யும் டிஎன்பிஎல் ஆலை கரூர் மாவட்டத்தில் காகிதபுரத்தில் இருக்கிறது. பால்பாயின்ட் பேனாவுக்கு 70 ஜிஎஸ்எம் தாள் தாராளம். தோல் அட்டையும் ரிப்பனும் ஊக்க வாசகங்களும் இல்லாவிட்டால், விலை பள்ளி நோட்டின் விலைக்குப் பக்கத்திலேயே நிற்கும்.